பெயர் எழுதாத பை

திங்கட்கிழமை மாலை மினோரி வேலை முடிந்து வந்தபோது, வீட்டுக் கதவின் கைப்பிடியில் மறுபடியும் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது பை. முதலாவது ஆகஸ்டில் வந்தது. உள்ளே ஒன்பது வெள்ளரிக்காய்கள். இரண்டாவது செப்டம்பரில். உருண்டைக் கத்தரிக்காய்கள், காம்பில் முள் காயாமல். இது அக்டோபர்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஆள் இல்லை. எதிரே முடிதிருத்தும் கடையின் கண்ணாடிக் கதவில் திரை இறக்கியிருந்தது. சிவப்பும் நீலமுமாகச் சுற்றும் கம்பம் சுற்றாமல் நின்றது. பக்கத்து வீட்டில் தொகாஷி அம்மாவின் தொலைக்காட்சி மட்டும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தது.

பையை உள்ளே கொண்டுபோய் மேசையில் பிரித்தாள். பழைய செய்தித்தாள் சுற்றல். அதற்குள் ஐந்து அகெபி. உள்ளங்கையில் அடங்கும் ஊதாக் காய்கள். ஒவ்வொன்றும் நீளவாக்கில் வாய் பிளந்திருந்தது. பிளவுக்குள் சீத்தாப்பழம் போல வெள்ளைக் கூழும் அதில் புதைந்த கறுப்பு விதைகளும் தெரிந்தன.

பெயர் இல்லை. சீட்டு இல்லை. அவள் பையை உதறிப் பார்த்தாள். செய்தித்தாளையும் விரித்துப் பார்த்தாள். மாவட்டத்தில் எல்லா வீட்டுக்கும் வரும் அதே தாள்.

அகெபியை அவள் கடையில் பார்த்திருக்கிறாள், தின்றதில்லை. ஒரு கரண்டியால் கூழை வழித்து வாயில் போட்டாள். மெல்லிய இனிப்பு. விதைகளைத் துப்ப ஆரம்பித்தால் முடிவே இல்லை. ஆனாலும் ஐந்தையும் தின்று முடித்தாள். பத்துப் பாதித் தோல்களையும் சமையலறைக் குப்பைப் பையில் போட்டாள்.

பிறகுதான் அந்தப் பழைய கவலை வந்து எதிரே உட்கார்ந்தது. யார்?

மலைக்கு அந்தப் பக்கம் சென்டாயிலிருந்து அவள் இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஆகஸ்டில் ஒரு தப்புச் செய்திருந்தாள். வெள்ளரி வந்த மறுநாள், பக்கத்து வீட்டுக்காரி என்பதால் தொகாஷி அம்மாதான் என்று முடிவு செய்து, வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் குனிந்து நன்றி சொன்னாள்.

"நேத்து ரொம்ப நன்றிங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அய்யோ, நான் என்னம்மா பண்ணிட்டேன், ஒண்ணுமே பண்ணலையே," என்றாள் தொகாஷி அம்மா.

கொடுத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மினோரிக்கு நிம்மதி. அந்த வாரம் சென்டாய்க்கு அம்மாவைப் பார்க்கப் போனபோது, ரயில் நிலையத்தில் மூங்கிலிலை வடிவில் அரைத்த மீனைச் சுட்டு விற்கும் பலகாரம் ஒரு பெட்டி வாங்கிவந்து தொகாஷி அம்மாவிடம் கொடுத்தாள். மூன்றாம் நாள் அங்கிருந்து நான்கு பீச் பழம் வந்தது. பீச்சுக்கு இவள் பிஸ்கட் கொடுத்தாள். பிஸ்கட்டுக்குத் தேயிலை வந்தது. தேயிலையை வாங்கிக்கொண்டு வேலியோரம் நின்றபோதுதான் தொகாஷி அம்மாவின் வீட்டு முற்றத்தை மினோரி சரியாகப் பார்த்தாள். இரண்டு கார் நிற்கும் சிமென்ட் தரை. வெள்ளரிக் கொடிக்கு ஒரு சாண் மண் இல்லை.

கத்தரிக்காய் வந்தபோது அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஆக, இந்தத் தெருவின் மற்ற எட்டு வீடுகளில் ஒரு வீட்டுக்காரர் மூன்று முறை கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் கிடைக்காமல் இருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் கிழங்கு விருந்து. ஒன்பது வீடும் ஒரே பானையைச் சுற்றி உட்காரும். அந்த ஆளும் இருப்பார்.

மினோரி அரசாங்கத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். சந்தேகம் வந்தால் அட்டவணை போடுவது அவளுக்குப் பழக்கம். நோட்டில் எட்டு வீடுகளையும் எழுதி, பக்கத்தில் தோட்டம் உண்டா இல்லையா என்று குறித்தாள். மண்ணே இல்லாத மூன்று வீடுகளை அடித்தாள். தொகாஷி அம்மா ஒன்று. மூலை வீட்டு மாடிக் குடித்தனம் ஒன்று. எதிரே முடிதிருத்தும் ஒகுயாமா ஒன்று.

ஒகுயாமாவிடம் அவள் பேசியதே இல்லை. ஐம்பதைத் தாண்டிய, வாய் திறக்காத மனிதர். அவள் குனிந்தால் அவரும் குனிவார், அவ்வளவுதான். ஜூலையில் ஒரு நாள் பெருங்காற்றில் அவருடைய கடைத் துண்டுகள் பறந்துவந்து இவள் வேலியிலும் தக்காளிக் குச்சியிலும் சிக்கிக் கிடந்தன. மண் ஒட்டியிருந்ததால் துவைத்து, காயவைத்து, மடித்து ஒரு பையில் போட்டுக் கடைக் கதவில் மாட்டிவிட்டு வந்தாள். உள்ளே நாற்காலியில் யாரோ சவரத்துக்குச் சாய்ந்திருந்தார்கள். போய்ப் பேசக் கூச்சமாக இருந்தது.

மிச்சம் ஐந்து வீடு. தேதிகளையும் எழுதினாள். மூன்று பையும் திங்கட்கிழமை வந்திருந்தன. அதன் கீழே ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு, 'மூன்று மாதிரி போதாது' என்று பக்கத்தில் எழுதினாள்.

*

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஹட்சுயேயிடம் சொன்னாள். ஹட்சுயே பக்கத்து மேசைக்காரி. இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் கல்யாணம் செய்து, மூன்று பிள்ளை பெற்றவள்.

"அகெபியா! குடுத்து வச்சவ நீ. எப்படிச் செஞ்சே?"

"செய்யறதா? பிளந்துதானே இருந்துச்சு. ஸ்பூனால எடுத்துச் சாப்பிட்டேன்."

ஹட்சுயேயின் சாப்பாட்டுக் குச்சிகள் பாதி வழியில் நின்றன. "எதை? உள்ள இருக்கிறதையா?"

"ஆமா. இனிப்பா இருந்துச்சு. விதையைத் துப்பித் துப்பித்தான் வாய் வலிச்சுது."

"தோலு?"

"தோல்... குப்பையில."

ஹட்சுயே அறை முழுக்கக் கேட்கும்படி திரும்பினாள். "கேட்டீங்களா? இந்தச் சென்டாய்க்காரி அகெபித் தோலைக் குப்பையில போட்டுட்டு, காக்கா திங்கிறதைத் தின்னிருக்கா!"

மூன்று மேசைகளிலிருந்து சிரிப்பு வந்தது. யாரோ, "மலைக்கு அந்தப் பக்கம் மிசோவுல பன்னியைப் போட்டுக் கிழங்கு வேகவைக்கிறவங்கதானே, வேற என்ன தெரியும்," என்றார். சென்டாயில் கிழங்கு விருந்துக்கு மிசோ என்னும் புளித்த சோயா விழுதைக் கரைத்துப் பன்றியிறைச்சி போடுவார்கள். மினோரியின் காது சிவந்தது.

"தோலைத்தான்டி திங்கணும்," என்றாள் ஹட்சுயே, குரலை இறக்கி. "உள்ள இருக்கிறதை வழிச்சுப் போட்டுட்டு, காளானும் மிசோவும் வதக்கி அடைச்சு, நூல் கட்டி எண்ணெயில வறுக்கணும். கசக்கும். அந்தக் கசப்புக்குத்தான் வருஷம் பூரா காத்திருக்கோம்."

"உள்ள இருக்கிறது இனிப்பா இருக்கே. அதை ஏன் எறியறீங்க?"

"இதென்ன கேள்வி? எல்லாரும் எறியறாங்க, நாங்களும் எறியறோம்."

மினோரி அதை மனதில் குறித்துக்கொண்டாள். பழத்தை எறிந்துவிட்டுத் தோலைத் தின்னலாம் என்று முதலில் நினைத்தவர் யார்? எந்தப் பஞ்சத்தில்? கேட்டால் இன்னொரு சிரிப்பு எழும். அதனால் வேறு கேள்வி கேட்டாள்.

"யார் குடுத்தாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பேசாம எட்டு வீட்டுலயும் கேட்டுடவா?"

"கேளேன். மறுநாள் உன் கதவுல எட்டுப் பை தொங்கும். 'ஐயோ, நாம குடுக்கலையே, அந்தப் பொண்ணு எதிர்பார்த்திருக்கே'ன்னு ஓடி வந்து மாட்டுவாங்க. எட்டுக்கும் நீ திருப்பிச் செய்யணும்."

"ஒரு பேர் எழுதி வச்சா என்னவாம்?"

"பேர் எழுதினா, 'பாத்துக்கோ, நான்தான் குடுத்தேன்'னு சொன்ன மாதிரி ஆயிடாதா? பொருளைப் பாத்ததுமே யாருன்னு தெரியணும். எங்க தெருவுல சிவப்பு முள்ளங்கி வந்தா கடைசி வீடு. பறங்கிக்காய் வந்தா எங்க மாமியாரோட சண்டைக்காரி. இதுக்குப் பேர் வேறயா?"

"எனக்குத் தெரியலையே."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள தெரிஞ்சுக்கோ. மூணு தடவை வாங்கிட்டு வாயைத் தொறக்காம, அதே ஆள் கையால கிண்ணத்துல குழம்பு வாங்கிக் குடிச்சேன்னு வை, நாலாவது பை வராது." ஹட்சுயே ஒரு முள்ளங்கித் துண்டைக் கடித்தாள். "ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சிரிப்பாங்க. ஆனா வராது."

அன்று மாலை சைக்கிளில் திரும்பும்போது மினோரிக்கு அந்த 'வராது' என்ற சொல்தான் காதில் இருந்தது. சென்டாயில் ஆறு வருடம் அடுக்குமாடியில் இருந்தாள். பக்கத்துக் கதவுக்காரரின் முகம் தெரியாது, அவருடைய தும்மல் மட்டும் தெரியும். அங்கே ஒருநாளும் அவள் கைப்பிடியில் எதுவும் தொங்கியதில்லை. இங்கே யாரோ ஒருவர் வெள்ளரி பறிக்கும்போது அவளை நினைத்திருக்கிறார். கத்தரி பறிக்கும்போதும் நினைத்திருக்கிறார். அந்த ஒருவரை இழக்க அவளுக்கு மனம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் குப்பைப் பையைத் திறந்தாள். தேயிலைத் தூளுக்கும் முட்டை ஓட்டுக்கும் நடுவே தோல்கள் பழுப்பேறிச் சுருங்கிக் கிடந்தன. இனி எந்தக் காளானாலும் காப்பாற்ற முடியாது. எரியும் குப்பை எடுக்கும் நாள் செவ்வாயும் வெள்ளியும். தனியாள் என்பதால் அவள் வெள்ளிக்கிழமை மட்டும்தான் பை போடுவாள். ஊராட்சிப் பைகள் கண்ணாடி போல உள்ளே இருப்பதைக் காட்டும். மேலே வீட்டுப் பெயரை எழுத வேண்டும் என்பது விதி. இவள் பெயர் எழுதிய பையில் பத்துப் பாதித் தோலும் தெருவுக்கே தெரியும்.

தோல்களைப் பொறுக்கி, வந்த செய்தித்தாளிலேயே இறுக்கமாகச் சுற்றினாள். பையின் நடுவில் வைத்து, சுற்றிலும் மற்ற குப்பையை அடைத்தாள். வெளியிலிருந்து பார்த்தாள். தெரியவில்லை.

அப்படிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. தோலைத் தின்பவர்கள் கூழை எறிவார்கள். ஐந்து காய் கொடுக்கிறவரிடம் இன்னும் இருபது காயாவது இருக்கும். அவர் வீட்டுப் பையில் வெள்ளைக் கூழும் கறுப்பு விதையும் இருக்கும். மேலே பெயரும் இருக்கும்.

ஆறு எங்கே கெடுகிறது என்று தெரியவேண்டுமானால் கழிவு எங்கே கலக்கிறது என்று பார் என்பார்கள் பரிசோதனைக் கூடத்தில். அடுத்தவர் குப்பையை எட்டிப் பார்ப்பது இந்தத் தெருவில் எவ்வளவு பெரிய குற்றம் என்பது அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை முழுவதும் வேண்டாம் வேண்டாம் என்றே இருந்தாள். படுக்கப்போகும்போது கடிகாரத்தில் ஐந்தே காலுக்கு அலாரம் வைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை விடியலில் தெரு ஈரமாக இருந்தது. தெருமுனையில், பச்சை வலையின் கீழே, ஏற்கெனவே நான்கு பைகள் இருந்தன. மினோரி தன் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாராவது பார்த்தால் வலையைச் சரிசெய்வது போலத் தெரியட்டும் என்று வலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

முதல் பையில் குழந்தைத் துணி. இரண்டாவதில் புல். மூன்றாவதில் ஒன்றும் புரியவில்லை. நான்காவதின் முன் குந்தி உட்கார்ந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். பையின் உட்பக்கத்தில் வெள்ளையாக ஏதோ வழிந்து ஒட்டியிருந்தது. அதில் கறுப்பு விதைகள். நூற்றுக்கணக்கில்.

பெயர் பார்க்கப் பையைத் திருப்பினாள்.

ஒகுயாமா.

அட்டவணையில் அவள் முதலில் அடித்த பெயர்களில் ஒன்று.

"அந்தப் பையில ஏதாவது தப்பா இருக்கா?"

பின்னால் ஒகுயாமா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் முறம். இந்த வாரம் குப்பை முனையைப் பெருக்கும் முறை அவருடையது. முறைக்காரர் வீட்டில் மாட்டும் பலகை திங்கட்கிழமையிலிருந்தே அவர் கடைக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. மினோரி தினமும் அதைக் கடந்துதான் போனாள்.

"இல்லைங்க. வலை... வலை நழுவியிருந்துச்சு. அதான்."

எழுந்து குனிந்தாள். மறுபடி குனிந்தாள். பின்பக்கம் படபடவென்று சத்தம். அவள் தூக்கிவிட்டு மறந்த வலையின் ஓரத்தில் ஒரு காக்கை இறங்கியிருந்தது. ஒரே கொத்து. அவளுடைய பை கிழிந்தது. முட்டை ஓடு சிதறியது. காக்கை இன்னும் உள்ளே தலையை விட்டு, இறுக்கமாகச் சுற்றிய செய்தித்தாள் பொட்டலத்தை இழுத்து நடுத்தெருவுக்குக் கொண்டுவந்து, காலால் மிதித்துப் பிரித்தது.

பத்துப் பாதித் தோல்கள் ஒகுயாமாவின் செருப்புக்கு முன்னால் பரவின.

காக்கை ஒன்றைக் கவ்விப் பார்த்தது, பிடிக்கவில்லை, துப்பிவிட்டு மின்கம்பிக்குப் போயிற்று.

ஒகுயாமா தோல்களைப் பார்த்தார். செய்தித்தாளைப் பார்த்தார். அது அவர் சுற்றிக் கொடுத்த தாள்.

"பிடிக்கலையா?" என்றார். "வெள்ளரிக்கும் ஒரு பதில் இல்ல, கத்தரிக்கும் இல்ல. சரி, அகெபியாவது பிடிக்கும்னு நினைச்சேன். மறைச்சு வேற எறியறீங்க."

"பிடிக்கலைன்னு இல்லைங்க! அஞ்சையும் சாப்பிட்டேன்!"

"இதோ கிடக்குதே அஞ்சும்."

"உள்ள இருக்கிறதைச் சாப்பிட்டேன்."

ஒகுயாமாவின் புருவம் ஏறியது. "உள்ள இருக்கிறதையா? அஞ்சையுமா?"

"ஸ்பூனால."

"விதை?"

"துப்பிட்டேன். முக்கால் மணி நேரம் ஆச்சு."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஒரு கணம் பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல், வாயைக் கையால் மூடி, கண்ணில் நீர் வர.

"நீங்கதான் குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க," என்றாள் மினோரி. ஆரம்பித்ததும் வார்த்தைகள் தானாக வந்தன. "உங்க வீட்டுல தோட்டம் இல்லையேன்னு பட்டியல்ல அடிச்சுட்டேன். தொகாஷி அம்மாகிட்டப் போய் வெள்ளரிக்கு நன்றி சொல்லிட்டேன். அவங்க பீச் குடுத்தாங்க. இப்பக்கூட உங்க பையைத்தான் பாத்துட்டிருந்தேன். வலை நழுவல. மன்னிச்சிடுங்க. வெள்ளரிக்கு நன்றி. கத்தரிக்கு நன்றி. அகெபிக்கும் நன்றி."

ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை குனிந்தாள்.

"பட்டியலா?" என்றார் ஒகுயாமா. "எனக்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் துண்டு நிலம் இருக்கு. திங்கக்கிழமைதான் கடைக்கு லீவு, அன்னைக்குத்தான் போவேன்."

மினோரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். சுற்றாமல் நின்ற கம்பம். மூன்று திங்கட்கிழமை. 'மூன்று மாதிரி போதாது' என்று தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

"நீங்க எதுக்கு நன்றி சொல்றீங்க?" ஒகுயாமா முறத்தால் முட்டை ஓட்டை அள்ளினார். "அது துண்டுக்குப் பதில்."

"துண்டா?"

"ஜூலைக் காத்துல போச்சே. பதினோரு துண்டு. யாரோ துவைச்சு, மூலைக்கு மூலை மடிச்சு, கதவுல மாட்டிட்டுப் போயிட்டாங்க. பேர் இல்ல. யாருன்னு தெரியாம ரெண்டு வாரம் தூக்கமில்ல. நாற்காலியில உக்காந்தவன்கிட்ட எல்லாம் கேட்டேன். தொண்டையில கத்தி இருக்கும்போது எவனும் பொய் சொல்ல மாட்டான். ஒருத்தனும் இல்லன்னுட்டான்."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"துண்டு வந்த பை. சென்டாய் ஸ்டேஷன் மீன் பலகாரக் கடைப் பை. இந்தத் தெருவுல சென்டாய்க்கு யாரு போறா?" அவர் கிழிந்த பையின் வாயை இழுத்துக் கட்டினார். "அதுதான் வெள்ளரி வச்சேன். பாத்தா, அடுத்த வாரம் தொகாஷி அம்மா கடை வாசல்ல நின்னு சென்டாய் மீன் பலகாரம் திங்கறாங்க. 'பக்கத்து வீட்டுப் பொண்ணு குடுத்துச்சு, என்ன மரியாதை பாத்தீங்களா'ன்னு என்கிட்டயே சொல்றாங்க. நான் வெள்ளரி குடுக்கிறேன், அவங்களுக்கு மீன் போகுது. எனக்கு ஒண்ணும் புரியல."

இப்போது மினோரியின் முறை. அவளுக்குச் சத்தமில்லாமல் சிரிக்கத் தெரியாது. மின்கம்பியிலிருந்த காக்கை எழுந்து பறந்தது. ஒரு வீட்டு ஜன்னல் திறந்தது.

இருவரும் குந்தி உட்கார்ந்து தோல்களைப் பொறுக்கினார்கள். கடைசித் தோலைக் கையில் வைத்துக்கொண்டு மினோரி கேட்டாள்.

"ஒகுயாமா ஐயா, உள்ள இருக்கிறதை நீங்க ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லையா?"

அவர் யோசித்தார். "சின்ன வயசுல. மலையில. அப்புறம் இல்ல." பிறகு, ஒரு ரகசியம் சொல்வது போல, "நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் கல் அடுப்பில் பானை கொதித்தது. சேப்பங்கிழங்கு, மாட்டிறைச்சி, நீள வெங்காயத் தாள், சோயாச் சாறு. அகப்பை தொகாஷி அம்மாவின் கையில் இருந்தது. இந்த வருடம் தெருத் தலைவி அவள்தான்.

"வாம்மா சென்டாய்! கிண்ணத்தை நீட்டு. இதுதான் கிழங்குக் குழம்பு. உங்க ஊர்ல பன்னியைப் போட்டு மிசோவைக் கரைக்கிறீங்களே, அதுக்குப் பேரு பன்னிச் சாறு. குழம்புன்னு சொல்லாதே, பானைக்கே கோவம் வரும்."

"எங்க ஊர்ல இதை மாட்டுச் சாறுன்னு சொல்வாங்க," என்றாள் மினோரி.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. பாயில் உட்கார்ந்திருந்த எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். "வாய் இருக்குடி இதுக்கு! ஆறு மாசமா எங்க வச்சிருந்தே?" என்றாள் தொகாஷி அம்மா, அகப்பையால் காற்றில் அடித்து.

கிண்ணத்தோடு அவள் ஒகுயாமாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினார். நூல் கட்டி வறுத்த ஊதாத் தோல்கள், எண்ணெயில் மின்னி, பிளவில் காளானும் மிசோவும் பிதுங்கி.

எட்டு வீடும் பார்த்தது. வெள்ளிக்கிழமை விடியலில் திறந்த ஜன்னல் ஒன்றுதான், ஆனால் தெருவுக்கு ஒரு ஜன்னல் போதும்.

மினோரி கடித்தாள். முதலில் மிசோவின் உப்பு வந்தது. பிறகு எண்ணெய். பிறகு கசப்பு, பாகற்காயைவிட மெதுவாக, நாக்கின் அடியிலிருந்து ஏறியது.

"எப்படி?" என்றாள் தொகாஷி அம்மா.

"கசக்குது."

மறுபடி சிரிப்பு. மினோரி மென்றுகொண்டே இருந்தாள். விழுங்கிய பிறகும் கசப்பு போகவில்லை. அது என்ன என்று பார்க்க இன்னொரு முறை கடிக்கத் தோன்றியது.

"இன்னொண்ணு எடுத்துக்கலாமா?"

ஒகுயாமா டப்பாவை முழுவதுமாக அவள் பக்கம் தள்ளினார்.

"ஏம்மா, எனக்கு ஒண்ணு சொல்லு," தொகாஷி அம்மா அகப்பையோடு வந்து குந்தினாள். "ஆகஸ்டுல என்கிட்ட எதுக்கு நன்றி சொன்னே? நான்தான் ஒண்ணும் பண்ணலைன்னு அன்னைக்கே சொன்னேனே."

"வெள்ளரிக்காய்க்கு. நீங்க குடுத்தீங்கன்னு நினைச்சேன்."

"வெள்ளரிக்கா? எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. நான் என்னமோ, உன் கதவுக்கு முன்னாடி நான் பெருக்கினதை நீ பாத்துட்டேன்னு நினைச்சேன். மீன் வந்ததும் எனக்கே வெக்கமாப் போச்சு. ஒரு பெருக்கலுக்கு ஒரு பெட்டி மீனா! அதான் பீச்சு வாங்க ஓடினேன்."

"அப்ப நிறுத்திக்கலாமா?"

"எதை நிறுத்தறது? இப்ப உன் முறை. தேயிலைக்கு நீ இன்னும் ஒண்ணும் குடுக்கலை."

மாலையில் பானை கழுவி, அடுப்புக் கற்களை ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். டப்பாவில் மூன்று தோல் மிச்சம் இருந்தது. மூடி எடுத்துப் போகச் சொன்னார் ஒகுயாமா. வீட்டு விளக்கின் கீழே பார்த்தபோதுதான் மூடியில் அவருடைய பெயர் தெரிந்தது. தடித்த கறுப்பு மையில், கடைப் பலகை அளவுக்குப் பெரிதாக எழுதி, அழியாமல் இருக்க மேலே ஒட்டுத்தாளும் ஒட்டியிருந்தார்.

மூன்றையும் அன்றே தின்று டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது மலைக்கு அந்தப் பக்கமும் உள்ள வழக்கம்தான். எதை வைப்பது? மீன் பலகாரத்துக்குச் சென்டாய் போகவேண்டும். அவள் தோட்டத்துத் தக்காளி முடிந்துவிட்டது. பிஸ்கட் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

மறுநாள் வேலையிலிருந்து திரும்பும் வழியில் சேப்பங்கிழங்கும் இறைச்சியும் வாங்கினாள். கிழங்கு வெந்ததும் தீயைக் குறைத்து, மிசோ விழுதைக் கரண்டியில் எடுத்து, குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தாள். வாசனை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. போகட்டும் என்று விட்டாள்.

திங்கட்கிழமை. கம்பம் சுற்றவில்லை. ஒகுயாமா நிலத்திலிருந்து இன்னும் வரவில்லை. கடைக் கண்ணாடிக் கதவில் திரை இறங்கியிருந்தது. சூடான டப்பாவைத் துணியில் சுற்றி, பையில் போட்டு, கைப்பிடியில் மாட்டினாள். தன் பெயரை எழுதவில்லை. அந்தத் தெருவில் கிழங்கோடு பன்றியிறைச்சி போட்டு மிசோ கரைக்கிறவள் அவள் ஒருத்திதான்.